வராதவன் பங்கு

சங்குமுனையில் மீன் வேகாமல் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்த ஒரு மார்கழிக் காலையில், ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் சூரியன் கிளம்புவதைப் படம் பிடிக்கக் கடலைப் பார்த்துத் தவம் கிடந்த நேரத்தில், நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த பூவாத்தாள் தன் புருஷன் நாச்சிமுத்துவைப் பேருந்துப் படியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினாள். கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம், இந்த ஊரில் நல்ல மீன்குழம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்காத வெளியூர்க்காரர் கிடையாது, அதற்கு உண்மையான பதிலைச் சொன்ன உள்ளூர்க்காரரும் கிடையாது. ஆட்டோக்காரர் ஒரு நொடி வேறு பக்கம் பார்த்துவிட்டு, "கடலோரம் எல்லா ஓட்டல்லயும் கெடைக்கும்மா, ஏறுங்க" என்றார்.

நாச்சிமுத்து முட்டை லாரி ஓட்டியவர். லாரி நிறைய முட்டையை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஒன்றுகூட விரிசல் விடாமல் கொண்டுவந்து இறக்குகிற கை அவருக்கு. இப்போது அந்தக் கை ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்தால் பாதி மடியில் சிந்தியது. தொண்டையில் வந்த கட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு வைத்தியத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். கட்டி கரைந்தது, கூடவே நாக்கும் செத்துப்போனது. சோறு மண்ணாகவும் பால் சுண்ணாம்புத் தண்ணியாகவும் தெரிய, ஒவ்வொரு நாளும் ஒரு கவளம் குறைந்து, கடைசியில் வாயையே திறக்காமல் படுத்துவிட்டார். உடம்பில் தெம்பு ஏறினால்தான் மேற்கொண்டு வைத்தியம் பார்க்க முடியும், ஏறாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் பூவாத்தாளிடம் சொன்னார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நாச்சிமுத்து அவள் சமையலில் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான், உப்புப் பத்தலை. ரசமானாலும் கறியானாலும் முதல் வாய் உள்ளே போனதும் அந்த வார்த்தை வெளியே வரும். அவளும் உப்பு டப்பாவை அவர் முன்னால் டொக்கென்று வைத்து, நீங்களே கொட்டிக்குங்க என்பாள். கரண்ட் வைத்த பிறகு அவர் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். தட்டைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்த மௌனம்தான் பூவாத்தாளை டாக்டர் சொன்னதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அப்படிப் படுத்திருந்தவர்தான் ஒருநாள், "சங்குமுனைல சாப்புட்ட சாளைக் கொழம்பு மாதிரி இருந்தா ஒரு வாய் உண்பேன் புள்ள" என்று சொன்னார். முன்னொரு காலத்தில் அவர் லாரி அங்கே கடற்கரையில் டயர் வெடித்து நின்றபோது, சும்மா நிற்பானேன் என்று கரைவலைக்காரர்களோடு சேர்ந்து கயிறு இழுத்தாராம். அவர்கள் மணலிலேயே அடுப்பு மூட்டி மாங்காய் போட்டுச் சாளை மீனை வேகவைத்துக் கொடுத்தார்களாம். அந்தக் குழம்புக்கு மட்டும்தான் அவர் வாழ்நாளில் உப்புச் சரியாக இருந்ததாம். இத்தனை நாள் அந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல்படுகிற பூவாத்தாள், அன்றைக்கு எழுந்து பையில் துணியை அடைத்தாள். மகன் வேண்டாம் என்றான், டாக்டர் வேண்டாம் என்றார், பேருந்துக் கண்டக்டர்கூட ஆளைப் பார்த்துவிட்டு யோசித்தார். அவள் யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

சங்குமுனையின் கடலோரச் சாலை முழுக்க ஓட்டல்கள்தான். பஞ்சாபிக்காரர்களுக்கு ரொட்டி, குஜராத்திகளுக்கு இனிப்புப் போட்ட பருப்பு, மலையாளிகளுக்குச் சிவப்பரிசிச் சோறு, வெள்ளைக்காரர்களுக்குக் காரமே இல்லாத ஏதோ ஒன்று, எல்லாருக்கும் பொதுவாகக் கோபி மஞ்சூரியன் என்று உலகத்துச் சாப்பாடெல்லாம் அங்கே கிடைத்தது. வாசல்தோறும் ஐஸ்மேல் மீனை அடுக்கி, பக்கத்திலேயே ஒரு கிழிந்த வலையையும் துடுப்பையும் அழகுக்குச் சாத்தி வைத்திருந்தார்கள். "லோக்கல் மீன்மா, காலைல புடிச்சது" என்று சொல்லி முதல் ஓட்டலில் கொண்டுவந்து வைத்ததைப் பூவாத்தாள் கிளறிப் பார்த்தாள். முள்ளில்லாமல், தோலில்லாமல், சோப்புக் கட்டிபோல் வெட்டிய வெள்ளைத் துண்டுகள் செக்கச்செவேல் என்ற குழம்பில் கிடந்தன. நாச்சிமுத்து ஒரு துண்டை வாயில் போட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "பஞ்சு" என்றார்.

இரண்டாவது ஓட்டலிலும் பஞ்சுதான். மூன்றாவதில் பஞ்சை வறுத்து வைத்திருந்தார்கள். அவரை லாட்ஜில் படுக்க வைத்துவிட்டு அவள் மட்டும் வெயிலில் நடந்தாள். சங்கு விளக்கு விற்கிறவளிடம், பூக்காரியிடம், குதிரைச் சவாரிக்காரரிடம், கோயில் வாசலில் செருப்பு பார்க்கிறவரிடம் எல்லாம், "ஏனுங்க, ஓட்டல் வேண்டாமுங்க, உங்க ஊர்க்காரங்க எங்க சாப்புடுவீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டாள். எல்லாரும் ஒன்றுபோல, வீட்லதாம்மா என்று சொல்லிவிட்டு ஒன்றுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்படி ஒரு ஊர் மொத்தமும் குழம்பை ஒளித்து வைக்குமா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

லாட்ஜில் அறை துடைக்க வந்தவள் சலேத்தாள். பூவாத்தாள் வயசுதான் இருக்கும், நெற்றியில் பொட்டு கிடையாது. பூவாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க வூட்டுல இன்னைக்கு என்னங்க கொழம்பு?"

"முட்டைக் கொழம்பு."

"நேத்து?"

"நேத்தும் முட்டைதாம்மா."

"கடலப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எங்க ஊரு முட்டையத் திங்கறீங்களா?" என்று பூவாத்தாள் கத்தியேவிட்டாள். சலேத்தாள் கட்டிலில் சுருண்டு கிடக்கிற ஆளைப் பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியூர்க்காரர்களிடம் யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"எங்க ஊர்ல மீனு வேவாதும்மா."

ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் அது ஆரம்பித்தது. குழம்பு கொதித்தது, மாங்காய் குழைந்தது, மீன் மட்டும் அப்போதுதான் கடலிலிருந்து வந்ததுபோலக் கண் பளபளக்க, செவுள் சிவக்க, கொதிக்கிற சட்டிக்குள் குளிர்ந்து கிடந்தது. பெண்கள் முதலில் கேஸ் சிலிண்டரைத் திட்டினார்கள், பிறகு விறகுக்கு மாறினார்கள், பிறகு மண்சட்டி வாங்கினார்கள், பிறகு மாமியாரைத் திட்டினார்கள். மாதா கோயிலில் ஜெபம் வைத்தார்கள், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், தர்காவில் விளக்கேற்றினார்கள். அதிகாரிகள் வந்து சட்டிக்குள் கருவி விட்டுப் பார்த்து, சூடு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் எல்லையில் இருக்கிற சோதனைச் சாவடியைத் தாண்டினால் அதே மீன் சமர்த்தாக வெந்தது. சரி என்று அடுத்த ஊரில் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தவர்கள், சாவடிக்கு இந்தப் பக்கம் வந்து மூடியைத் திறந்தால், மஞ்சள் பூசிக்கொண்ட பச்சை மீன் அவர்களைப் பார்த்தது.

கொஞ்ச நாள் அழுதார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். ஊர் மீனை ஐஸ் லாரியில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள், அங்கே வேகிற வெளியூர் மீனை இன்னொரு ஐஸ் லாரியில் வரவழைத்து ஓட்டல்களுக்குக் கொடுத்தார்கள், இரண்டு லாரிகளும் சாவடியில் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் பேர் ஊர் தெரியாத அந்த மீனைத் தொடாமல் முட்டைக்கு மாறினார்கள். கல்யாண வீட்டில் முட்டை, கருமாதி வீட்டிலும் முட்டை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் காரல் மீன் குழம்பு கொடுக்க முடியாமல் அம்மாமார் பரிதவித்தார்கள். மீன் வேகாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று பக்கத்து ஊர்களில் மூக்கைச் சுளித்தார்கள். பச்சையாகத் தின்று பழகிய பூனைகள் மட்டும் கோயில் காளை மாதிரி கொழுத்துத் திரிந்தன.

பூவாத்தாள் இதையெல்லாம் ஆச்சரியமே இல்லாமல் கேட்டாள். நோயாளியோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவளுக்கு இதற்குமேல் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. "வேகலீன்னு எத்தன நேரம் அடுப்புல வெச்சுப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மத்தியானம் சலேத்தாளின் வீட்டு அடுப்பில் பூவாத்தாள் சாளையும் ஒரு புது மண்சட்டியும் வாங்கிவந்து வைத்தாள். தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டாள், மாங்காய் கீறிப் போட்டாள், தீயைக் கூட்டினாள், குறைத்தாள், மூடினாள், திறந்தாள். குழம்பு வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றினாள். வெயில் சாய்கிறவரை கொதித்த சட்டியிலிருந்து ஒரு மீனைக் கரண்டியால் எடுத்தாள். அது பளபளவென்று அவளைப் பார்த்தது. அவள் அந்த மீனிடம் கெஞ்சினாள், வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள், ஒண்ணே ஒண்ணாவது வெந்து குடு சாமி என்று அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சலேத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதே அடுப்படியில் அதேபோல் அழுதவள்தான் அவளும்.

மறுநாள் காலையில் லாட்ஜ் ஜன்னல் வழியாகக் கரைவலை இழுக்கிற சத்தம் வந்தது. நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார்.

"அந்தச் சத்தந்தான் புள்ள. நானும் அந்தக் கயிறுல நின்னிருக்கறேன்."

"இன்னைக்கும் போயி நில்லுங்க, ஆரு வேண்டாங்கறா" என்று அவள் வேண்டுமென்றே சீண்டினாள். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் கை போர்வைமேல் கயிறு பிடிக்கிறதுபோல ஒருமுறை மூடித் திறந்தது. வேறு போக்கிடம் தெரியாமல்தான் அவள் படியிறங்கி மணலுக்குப் போனாள்.

கரைவலை என்பது படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நின்று, யார் இழுக்க வேண்டும், யார் விட வேண்டும் என்று குரல் கொடுக்கிறவருக்கு மண்டாடி என்று பெயர். சங்குமுனையில் மண்டாடி கஸ்பார், நெஞ்செல்லாம் நரைத்த மயிரோடு பனைமரம் மாதிரி நின்றார். சுற்றுலாக்காரர்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பூவாத்தாள் பிடித்தாள், விடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, முன்னால் இருப்பவன் பின்னால் போனால் இவளும் பின்னால் போய், திரும்ப முன்னால் வந்து, சூரியன் நன்றாக மேலேறும்வரை இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் புருஷன் பெயரைச் சொல்லிக்கொண்டாள், பிறகு பெயர் போய் வெறும் மூச்சு மட்டும் வந்தது.

வலையின் மடி கரையேறி, சாளை வெள்ளிக் குவியலாக மணலில் கொட்டியது. கஸ்பார் இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு பிரித்தார். வெந்தாலும் வேகாவிட்டாலும் இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. வாங்கியவர்கள் வாங்கிய கையோடு ஐஸ் லாரிக் கூடையில் போட்டார்கள். பூவாத்தாளுக்கும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார்.

"புடிங்கம்மா. ஆனா வேவாது, சொல்லிட்டாவளா?"

"சொன்னாங்க. இன்னொரு பங்கு வேணுமுங்க."

"எதுக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. மேல லாட்ஜுல படுத்திருக்கறாரு, எந்திரிக்க முடியாதுங்க. முடிஞ்சிருந்தா வந்து இழுத்திருப்பாருங்க. முன்னால ஒருக்கா வந்து இழுத்தவருதான்."

எந்த வீட்டிலும் பொண்டாட்டி கேட்கிற கேள்விதான் அது; பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்கும் சேர்த்துக் கேட்பாளே, அப்படித்தான் அவள் கேட்டாள். ஆனால் கூடையில் மீன் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கஸ்பார் கடலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், பூவாத்தாளின் உரிந்த கையைப் பார்த்தார். பிறகு ஒதுங்கிக் கிடந்த பனை ஓலை ஒன்றை எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, மணலில் விரித்து, ஒரு பங்கை அதில் வைத்தார்.

"வராதவன் பங்கு" என்றார். அந்தக் கரையில் அந்த வார்த்தையைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

பூவாத்தாளுக்கு அது ஒன்றும் தெரியாது. அவள் சலேத்தாள் வீட்டுக்குப் போய், அவசரத்தில் இரண்டு பங்கையும் ஒன்றாகக் கழுவி ஒரே சட்டியில் போட்டாள். இன்றும் வேகாது என்று மனசு சொன்னது, கை மட்டும் அரைத்துக்கொண்டும் கரைத்துக்கொண்டும் இருந்தது. உப்பு போட்டோமா என்பதுகூட நினைவில்லை. ஒரு கொதி வந்ததும் மூடியைத் திறந்தவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். சட்டியில் பாதி மீன் கண்ணை விழித்துக்கொண்டு பச்சையாகக் கிடந்தது. பாதி மீன் வெந்து, கண் வெள்ளையாகி, தொட்டால் உதிர்கிற பதத்தில் மிதந்தது. எத்தனையோ வருஷமாக அந்தத் தெருவில் இல்லாத வாசனை கூரை இடுக்கு வழியாக வெளியே போனது. சலேத்தாள் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சிலுவை" என்றாள் அவள், கேட்காமலே. "இதே வலைல இழுத்தவருதான். படகு மோதி முதுகு ஒடிஞ்சு வருசக்கணக்காப் படுத்த படுக்கை. படுத்தவன் பங்கை ஓலைல வச்சு வீட்டுக்குக் குடுத்துவிடுறது எங்க கரை வழக்கம். மடியில பத்து மீனு வந்தாலும் வச்சிருவாவ. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரு பாக்க வந்த கூட்டம் சாடிட்டு. ஓட்டல்காரங்க எவ்வளவு மீனு வந்தாலும் எடுத்துக்கிடுதோம்னு கரையில வந்து நின்னாவ. ஒரு வாரத்துக்குத்தான், படுத்தவங்க பங்கையும் வித்துருவோம்னு முடிவு பண்ணிட்டாவ. இவரு தினம் கேப்பாரு, எனக்க பங்கு எங்கட்டின்னு. வலையில மீனு விழலன்னு நான் பொய் சொன்னேன். சத்தத்த வச்சே இவருக்குத் தெரியும், மடி நெறைஞ்சிருக்குன்னு. அந்த வாரத்துலயே போயிட்டாரு. அன்னையிலேர்ந்துதான்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூவாத்தாளுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அழ நேரமில்லை. வெந்த மீனை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, புடவையால் மூடிக்கொண்டு, லாட்ஜ் படிகளில் ஓடினாள்.

சோற்றைக் குழைய மசித்து, முள் எடுத்து, ஒரு விரல்கடை அளவு உருட்டி நாச்சிமுத்துவின் வாயில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் அசையவில்லை. பிறகு மெல்ல அசைந்தது. தொண்டைக் குழி ஏறி இறங்கியது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, பழைய எரிச்சலோடு முகத்தைச் சுளித்தார்.

"உப்புப் பத்தலை."

பூவாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, "கொழுப்பப் பாரு, கொழுப்பப் பாரு" என்று திட்டினாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாசனையை மூடி வைக்க முடியுமா? மறுநாள் காலையில் கயிற்றில் இடம் இல்லாமல் கூட்டம். படுத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், கண் தெரியாதவர்கள் பேரையெல்லாம் சொல்லிச் சொல்லி ஓலை வாங்கிக்கொண்டு போனார்கள், அவையெல்லாம் வெந்தன. தனக்கென்று வாங்கியது வேகவில்லை. உடனே நல்லாயிருந்தவர்கள் எல்லாரும் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று படுக்க ஆரம்பித்தார்கள். அப்படி வாங்கிய மீன் அவர்களை விழித்துப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தது. படுத்த ஆள் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்துத் தெருவில் யாரும் சீண்டாமல் கிடந்த கிழங்களைத் தேடிப்போய் உறவு கொண்டாடினார்கள். கடலை விட்டுப்போய் வெகுகாலமான முடவர்களின் கதவை ஊரே தட்டியது. அவர்கள் சாப்பிட்டு மிச்சம் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரு வாய் கிடைத்தது. ஓட்டல்காரர்கள் அதையும் விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். விலை பேசி இலையில் வைத்தவுடன் மீன் திரும்பப் பச்சையானது. அவர்கள் பழையபடி பஞ்சுக்கே போனார்கள்.

பூவாத்தாள் ஒருநாள்கூடக் கயிற்றை விடவில்லை. மீன் வேகிறவரை இவருக்கு ஒன்றும் ஆகாது என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். தினமும் வெந்தது, தினமும் அவர் உப்புப் பத்தலை என்றார். அவரே எழுந்து ஜன்னல்வரை வந்தார். பொங்கல் கழிந்தபோது சலேத்தாள் வீட்டு வாசல்வரை நடந்து வந்து, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். ஊர் திரும்பினதும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் ஆசை ஆசையாகப் பேசினாள்.

ஆனால் கட்டி அவர்களுக்குத் தெரியாமல் வேறு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் மடி கரையேறிய நேரத்தில், அவள் ஓலைக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றபோது, லாட்ஜ் பக்கத்திலிருந்து சலேத்தாள் ஓடிவந்தாள். அவள் ஓடிவந்த விதத்திலேயே பூவாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் வாங்கிய ஓலையை எங்கே வைத்தாள் என்று அவளுக்குக் கடைசிவரை நினைவு வரவில்லை.

மகன் வந்து வேனில் அவரை ஊருக்குக் கொண்டுபோனான். காரியம் எல்லாம் முடிந்தது. வீட்டில் யார் என்ன சமைத்தாலும் பூவாத்தாளுக்கு மண்ணாகத் தெரிந்தது. இதுதானா அவருக்கு இருந்தது, இதைத்தானா இத்தனை மாசம் சாப்பிடு சாப்பிடு என்று திணித்தோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். ஒருநாள், சங்குமுனையில் விட்டுவந்த சட்டியை எடுத்துவரப் போகிறேன் என்று சொன்னாள். சட்டிக்காகவா அவ்வளவு தூரம் என்று மகன் கேட்டான். நல்ல சட்டிடா அது என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

சட்டியை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட வேண்டும் என்றுதான் போனாள். கரையில் வலை ஏறிக்கொண்டிருந்தது. கால் தானாக மணலுக்கு இழுத்தது. கஸ்பார் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். வரிசையாக ஓலைகள். அவளைப் பார்த்ததும் ஓரத்தில் இருந்த ஒரு ஓலையை எடுத்து நீட்டினார்.

"இது ஆருக்குங்க?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தான். தினமும் வைக்கோம்."

"அவருதான் போயிட்டாருங்களே."

"தெரியும்மா. ஒருத்தன் உசுரோட கெடக்கும்போதே நிறுத்திப்புட்டுத்தான் நாங்க இந்தப் பாடு பட்டோம். இனிமே யாருக்கும் நிறுத்துறதா இல்ல" என்றார் கஸ்பார். பக்கத்தில் இன்னொரு ஓலை இருந்தது. அதை எடுக்கச் சலேத்தாள் வந்துகொண்டிருந்தாள். "நீ போன மறுநா நானும் போயிக் கேட்டுட்டேன்" என்றாள் அவள். "இத்தன வருசம் கேக்கணும்னு தோணலியே எனக்கு. நீ இன்னொரு பங்கு வேணும்னு கேட்டியே, அதக் கேட்டப் பெறவுதான்."

இரண்டு பேரும் இரண்டு ஓலைகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வாசலில் ராஜஸ்தான் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஓட்டல் ஓட்டலாக அலைந்து களைத்துப்போய், பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. இங்கே நல்ல மீன் கிடைக்கும் என்று ஆட்டோக்காரரே கொண்டுவந்து விட்டாராம். இப்படி யாராவது தினமும் வருகிறார்கள், இருப்பதைப் போடுவேன் என்றாள் சலேத்தாள்.

பூவாத்தாள் தன் சட்டியைக் கேட்டு வாங்கி அடுப்பில் வைத்தாள். அவர் பங்கையும் சிலுவை பங்கையும் ஒன்றாகப் போட்டாள். மூடியைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தாள். எல்லா மீனும் வெந்திருந்தது. சலேத்தாள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"உப்புப் பத்தலியே தங்கச்சி."

உப்பு டப்பா பூவாத்தாளின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"இருக்கட்டுங்கக்கா" என்றாள். "அவரு சொல்லட்டும்."